சாக்கடையில் வைரஸ் பெருகுவதில்லை. பிறகு எப்படிப் பரவுகிறது?

கழிவுநீரில் நோய்க்கிருமிகள் பெருகுகின்றன என்று அடிக்கடி எழுதப்படுகிறது. சில பாக்டீரியாக்களுக்கு அது பொருந்தலாம். மனிதருக்கு நோய் தரும் வைரஸுக்கு அது முடியாத காரியம். தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ள வைரஸுக்குத் தனக்கு ஏற்ற உயிருள்ள செல் ஒன்று வேண்டும். சாக்கடையில் அது கிடைக்காது. ஆகவே உடலை விட்டு வெளியேறிய கணத்திலிருந்து வைரஸின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கழிவுநீரில் இருக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவை நம்மைச் சீண்டவே சீண்டாதவை. அவை பாக்டீரியாக்களைத் தாக்கும் ஃபேஜ்கள். சாக்கடையில் பாக்டீரியாக்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் ஃபேஜ்களால் அங்கேயே பெருகவும் முடிகிறது. நாம் அஞ்ச வேண்டியவை நோரோ, ரோட்டா, அடினோ வைரஸ்களும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ வைரஸ்களும், போலியோ உள்ளிட்ட என்டரோ வைரஸ்களும். இவை அந்தக் கூட்டத்தில் சிறுபான்மைதான்.

பெருகவும் முடியாது, கூட்டத்திலும் சிறுபான்மை. பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்? உள்ளே வந்து விழும் வைரஸ்களின் எண்ணிக்கை மிகப் பெரியது. ஒருவருக்கு நோய் வரத் தேவையான எண்ணிக்கை மிகச் சிறியது. இவ்விரண்டுக்கும் இடையில் நேரமும் வெப்பமும் சுத்திகரிப்பு நிலையமும் குளோரினும் எத்தனை சுழியங்களை அழிக்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

நோரோ வைரஸால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்ட ஒருவரின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடி வைரஸ்கள் வரை இருக்கலாம். ரோட்டா வைரஸில் இது பத்தாயிரம் கோடியைக்கூடத் தொடும். இப்படி வைத்துக்கொள்வோம்: நாளுக்கு 100 கிராம், கிராமுக்கு ஆயிரம் கோடி. ஒரே நோயாளி ஒரே நாளில் ஒரு லட்சம் கோடி வைரஸ்களைக் கழிப்பறைக்குள் அனுப்புகிறார். பத்து லட்சம் பேர் வாழும் நகரம், ஆளுக்கு 100 லிட்டர் கழிவுநீர் என்றால் மொத்தம் 10 கோடி லிட்டர். வகுத்துப் பாருங்கள்: லிட்டருக்கு 10,000 வைரஸ்கள். நகரம் முழுவதிலும் நோயாளி ஒருவர்தான் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

இதில் ஒரு திருத்தம் தேவை. இப்படி எண்ணப்படுபவை பெரும்பாலும் மரபணுப் பிரதிகள். அவற்றில் ஒரு பகுதிக்குத்தான் தொற்றும் திறன் உண்டு. இந்த வேறுபாடு முக்கியமானது. பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

மறுபக்கத்தில், நோரோ வைரஸ் ஒருவரை நோயாளியாக்கச் சில பத்து வைரஸ்களே போதும் என்கின்றன சில மதிப்பீடுகள். சில ஆயிரம் தேவை என்கின்றன வேறு சில. எதை எடுத்துக்கொண்டாலும் மேலே கண்ட எண்களுக்கு முன் அது அற்பம். நோய் தீர்ந்த பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வைரஸ் வெளியேறலாம். அறிகுறியே இல்லாதவர்களும் வெளியேற்றுவார்கள். போலியோவில் தொற்றுக்கு ஆளாகும் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் வாதம் வருகிறது. மீதி 199 பேரில் பெரும்பாலோர் தமக்கு எதுவும் நேர்ந்ததாகவே அறியாமல் கழிப்பறைக்குப் போய் வருகிறார்கள். மருத்துவமனைக் கழிவுநீரை மட்டும் தனியே பிடித்துச் சுத்தம் செய்தால் போதும் என்ற யோசனை அவ்வப்போது எழுவதுண்டு. அது போதாது என்பதற்கு இதுவே காரணம்.

உறை உள்ளதும் இல்லாததும்

எல்லா வைரஸ்களும் சாக்கடையில் ஒரே அளவு நேரம் தாக்குப்பிடிப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது கொழுப்பு உறை. இன்ஃப்ளூயன்சா, கொரோனா போன்ற வைரஸ்கள் தம்மைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்றைப் போர்த்தியிருக்கின்றன. செல்லுக்குள் நுழைய உதவும் புரதங்கள் அந்தச் சவ்வில்தான் நிற்கின்றன. சவ்வு கிழிந்தால் வைரஸின் கதை முடிந்தது. சோப்பும் சலவைத்தூளும் கொழுப்பைக் கரைப்பவை. வீட்டுக் கழிவுநீரில் இரண்டும் தாராளமாகக் கலந்திருக்கின்றன. கோவிட் நோயை உண்டாக்கும் கொரோனா வைரஸைக் கழிவுநீரில் இட்டு ஆய்வகத்தில் சோதித்தபோது, 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ ஒன்றரை நாளிலேயே அதன் தொற்றும் திறனில் 90 விழுக்காடு போய்விட்டது.

குடல் வழியாகப் பரவும் வைரஸ்களுக்குப் பெரும்பாலும் அந்தச் சவ்வு கிடையாது. மரபணுவைச் சுற்றிக் கெட்டியான புரதக் கூடு மட்டும்தான். சோப்பு கரைக்க அங்கே கொழுப்பே இல்லை. வயிற்று அமிலத்தையும் பித்தநீரையும் கடந்து குடலுக்குள் போய்ச் சேர வேண்டிய வைரஸ் அத்தகைய கூட்டோடுதான் இருக்க முடியும். ஹெபடைடிஸ் ஏ வைரஸ் 60 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கும். ஹெபடைடிஸ் ஏ, இ இரண்டும் இரத்தத்தில் சுற்றும்போது ஒரு சவ்வைப் போர்த்திக்கொண்டே திரிகின்றன. கல்லீரலிலிருந்து பித்தநீர் வழியாகக் குடலுக்கு இறங்கும்போது பித்த உப்புகள் அதைக் கழற்றிவிடுகின்றன. உடலுக்குள் நோய் எதிர்ப்பாற்றலிடமிருந்து மறைந்துகொள்ளச் சவ்வு, வெளியுலகில் பிழைக்க வெறும் கூடு என்று இடத்துக்கேற்ற ஏற்பாடு.

அடுத்தது வெப்பம். குளிர்ந்த நீரில் குடல் வைரஸ்கள் மாதக்கணக்கில் தொற்றும் திறனோடு இருக்கும். வெதுவெதுப்பான நீரில் அது நாட்களாகவோ சில வாரங்களாகவோ சுருங்கும். சூரிய ஒளியும் வைரஸை அழிக்கும். ஆனால் புதைசாக்கடைக்குள் ஒளி ஏது? ஒற்றைச் செல் உயிரினங்கள் சில வைரஸ்களை விழுங்குகின்றன. பாக்டீரியாக்கள் வெளியிடும் நொதிகள் புரதக் கூட்டை அரிக்கின்றன. இவையெல்லாம் மெதுவாக நடக்கும் வேலைகள். வீட்டுக் கழிப்பறையிலிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவுநீர் போய்ச் சேரவோ பெரும்பாலும் சில மணி நேரமே ஆகிறது.

வைரஸ்கள் தனித்தனியே மிதந்து திரிவதும் குறைவு. மலத் துணுக்குகள், களிமண் துகள்கள் போன்றவற்றில் அவை ஒட்டிக்கொள்கின்றன. ஒன்றோடொன்று சேர்ந்து கொத்தாகவும் இருக்கின்றன. குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலத்திலும் சிக்கிக்கொள்கின்றன. பெருமழையில் நீர் வேகமெடுக்கும்போது அந்தப் படலம் உரிந்து, பழைய வைரஸ்களும் சேர்ந்தே அடித்துச் செல்லப்படுகின்றன. ஒட்டிய வைரஸ் நொதிகளிலிருந்தும் குளோரினிலிருந்தும் ஓரளவு தப்பிக்கிறது. கலங்கிய நீரில் கிருமிநீக்கம் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழாயை விட்டு வெளியேறும் வழிகள்

கழிவுநீர்க் குழாய்கள் கசிகின்றன. பழைய மூட்டுகள், வேர்கள் துளைத்த இடங்கள், மண் இறங்கியதால் விழுந்த விரிசல்கள் வழியே கழிவுநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மண் நல்ல வடிகட்டிதான். ஆனால் யாருக்கு நல்லது என்று கேட்க வேண்டும். குடல் பாக்டீரியா ஒன்று ஆயிரம், இரண்டாயிரம் நானோமீட்டர் நீளம். போலியோ வைரஸின் விட்டம் ஏறத்தாழ 30 நானோமீட்டர். பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் மணல் வழியே வைரஸ் நெடுந்தொலைவு போய்விடக்கூடும்.

அருகிலேயே குடிநீர்க் குழாய் ஓடினால் நிலைமை மோசமாகிறது. குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும்வரை விரிசலிலிருந்து நீர் வெளியே கசியுமே தவிர உள்ளே எதுவும் வராது. விநியோகம் நின்று அழுத்தம் விழும்போது அதே விரிசல் வழியே வெளியிலுள்ள நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. நாளில் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் முறையின் பெரிய ஆபத்து இதுதான். பற்றாக்குறையைச் சமாளிக்கும் எளிய வழியாக அது பேசப்படுகிறது. சுகாதாரக் கணக்கில் பார்த்தால் அது எளிதும் அல்ல, மலிவும் அல்ல.

இதைவிடப் பெரிய அளவில் என்ன நடக்கும் என்பதற்கு டில்லியே சாட்சி. 1955-இல் யமுனையில் வெள்ளம் வந்து ஆற்றின் போக்கு மாறியது. குடிநீர் எடுக்கும் வசீராபாத் நிலையத்துக்குக் கீழ்ப்புறம் ஆற்றில் கலக்க வேண்டிய கழிவுநீர்க் கால்வாயின் நீர் பின்வாங்கி, நீர் எடுக்கும் இடத்தையே எட்டிவிட்டது. நிலையத்தில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினார்கள். பாக்டீரியாவைப் பொறுத்தவரை அது பலித்தது. டைபாய்டோ சீதபேதியோ பெருகவில்லை. ஆனால் 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சள் காமாலையில் விழுந்தார்கள். கர்ப்பிணிகளிடையே இறப்பு அதிகமாக இருந்தது. எந்த வைரஸ் என்பது அப்போது தெரியாது. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த இரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது அது ஹெபடைடிஸ் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்று தெரிந்தது. இன்று அதை ஹெபடைடிஸ் இ என்கிறோம். பாக்டீரியாவைக் கொன்ற குளோரின் அளவு வைரஸுக்குப் போதவில்லை என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்று வேறு கிடைப்பது அரிது.

கடலில் கலந்தால் நீர்த்துப் போய்விடுமே என்று தோன்றலாம். கடலோரச் சேற்றில் வாழும் சிப்பிகள் அந்த வாதத்தை ஏற்பதில்லை. நாள் முழுவதும் நீரை உறிஞ்சி வடித்து உணவு தேடுவது அவற்றின் வாழ்க்கை; நீர்த்துப்போன வைரஸ்களை அவை மீண்டும் தம் உடலில் சேர்த்துச் செறிவாக்குகின்றன. 1988-இல் ஷாங்காய் நகரில் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தது. கழிவுநீர் கலந்த நீரில் வளர்ந்த சிப்பிகளைச் சரியாக வேகவைக்காமல் உண்டதே காரணம்.

காற்று வழியாகவும் பரவ முடியும். 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் என்ற கடும் சுவாச நோய் தொற்றியது. வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு நோயாளி அங்கே கழிப்பறையைப் பயன்படுத்தியிருந்தார். குளியலறைத் தரையின் வடிகால் குழாயில் வளைவு ஒன்று இருக்கும். அதில் எப்போதும் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கும் மூடி. பல வீடுகளில் அந்தத் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. குளியலறையின் மின்விசிறி காற்றை வெளியே தள்ளும்போது, அதற்கு ஈடாக வடிகாலிலிருந்து நுண்துளிகளோடு காற்று உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறது என்று விசாரணை செய்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். சார்ஸ் வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு; சாக்கடையில் நெடுநாள் தாங்காதது. ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர அதற்கு நெடுநாள் தேவைப்படவில்லை. நீண்ட நாள் புழங்காத குளியலறையின் வடிகாலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வைப்பது அந்த மூடியை மீண்டும் போட்டுவிடும்.

99 விழுக்காடு என்பது எவ்வளவு?

சுத்திகரிப்பு நிலையத்தில் முதலில் கழிவுநீரைத் தேங்கவிட்டு, கனமானவற்றை அடியில் படியவைக்கிறார்கள். வைரஸ் தானாகப் படியும் அளவுக்குக் கனமானதல்ல. துகளில் ஒட்டியது மட்டும் இறங்கும். அடுத்துக் காற்றூட்டும் தொட்டி. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கழிவை உண்டு கொழகொழப்பான திரள்களாகச் சேர்கின்றன. வைரஸ்கள் அந்தத் திரள்களில் ஒட்டிக்கொண்டு அவற்றோடு சேர்ந்து அடியில் படிகின்றன. இந்தக் கட்டத்தில் பொதுவாக 90 முதல் 99 விழுக்காடு வைரஸ்கள் நீரிலிருந்து நீங்குகின்றன.

99 விழுக்காடு என்று கேட்டதும் நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதியை நான் நம்புவதில்லை. உள்ளே வந்த நீரில் லிட்டருக்கு 10 லட்சம் வைரஸ்கள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். தொற்றுக் காலங்களில் அது அசாதாரணமன்று. 99 விழுக்காடு போனால் 10,000 மிச்சம். மறுபடி 99 விழுக்காடு போனால் 100 மிச்சம். இத்துறையில் இருப்பவர்கள் விழுக்காட்டை விட்டுவிட்டு எத்தனை மடக்கை குறைந்தது என்று பேசுவது இதனால்தான். ஒரு மடக்கை என்றால் ஒரு சுழியம் போயிற்று. இரண்டு மடக்கை 99 விழுக்காடு, நான்கு மடக்கை 99.99 விழுக்காடு. கழிவுநீரை மறுபயன்பாட்டுக்குத் தருகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: எத்தனை சுழியங்களை நீக்கினீர்கள்?

நீரிலிருந்து நீங்கியது வேறு, அழிந்தது வேறு. திரள்களோடு படிந்த வைரஸ்களில் கணிசமானவை கசடுக்குள் தொற்றும் திறனோடே இருக்கின்றன. அந்தக் கசடை வயலில் இடுவதற்கு முன் உயர் வெப்பத்தில் செரிக்க வைக்க வேண்டும், அல்லது சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையை பிஎச் 12-க்கு உயர்த்த வேண்டும், அல்லது நெடுநாள் காயவிட வேண்டும். காற்றூட்டும் தொட்டிகளில் குமிழ்கள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளிலும் வைரஸ் உண்டு. அங்கே பணிபுரிவோருக்கும், அடைப்பு எடுப்போருக்கும் இது அன்றாட ஆபத்து.

கடைசிக் கட்டம் கிருமிநீக்கம். குளோரின் வைரஸைக் கொல்லாது என்று சிலர் சொல்வது தவறு. தெளிந்த நீரில், தனிக் குளோரினாக, போதிய நேரம் இருந்தால் பெரும்பாலான வைரஸ்களை அது நன்றாகவே அழிக்கும். சிக்கல் கழிவுநீரில் இருக்கும் அம்மோனியா. குளோரின் அதனோடு சேர்ந்து குளோரமீன் ஆகிவிடுகிறது. குளோரமீனுக்கு வைரஸை அழிக்கும் வேகம் மிகக் குறைவு. புற ஊதா ஒளியிலும் ஒரு வைரஸ் அடம்பிடிக்கிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அசையாது. புற ஊதா ஒளியில் சதுர சென்டிமீட்டருக்கு 22 மில்லிஜூல் பட்டாலே அது 99.99 விழுக்காடு செயலிழந்துவிடும். அதே அளவு செயலிழப்புக்கு அடினோ வைரஸுக்கு 186 மில்லிஜூல் வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவுகோல். அடினோ வைரஸின் மரபணு இரட்டை இழை டிஎன்ஏ. புற ஊதா ஒளியால் அதில் விழும் சேதத்தை, அடுத்து நுழையும் மனிதச் செல்லின் பழுதுபார்க்கும் நொதிகளைக் கொண்டே அது சரிசெய்துகொள்கிறது.

எதைத் தேடுகிறோம்

நீர் பாதுகாப்பானதா என்று பார்க்க உலகெங்கும் முதலில் தேடுவது ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை. அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். இந்தப் பாதி சரி. ஈ.கோலை இல்லையென்றால் வைரஸும் இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு. அது வைரஸைவிட எளிதில் சாகும், எளிதில் வடிகட்டப்படும். டில்லியில் ஏமாற்றியதும் இந்த இரண்டாம் பாதிதான். இதனால் ஈ.கோலையைத் தாக்கும் ஃபேஜ்களையே வைரஸுக்குப் பதிலாளாக எண்ணும் முறை வலுப்பெற்று வருகிறது. அளவிலும் கட்டமைப்பிலும் அவை குடல் வைரஸ்களை ஒத்தவை, சோதனையும் மலிவு. பாசனத்துக்கு மறுபயன்படுத்தும் நீர் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறை, உயர்தர நீருக்கான புதிய நிலையங்கள் ஃபேஜ்களை ஆறு மடக்கை குறைத்துக் காட்ட வேண்டும் என்கிறது. ஆறு சுழியங்கள். மலம் கலந்ததைக் காட்டும் இன்னொரு வைரஸ் மிளகாய், குடைமிளகாய்ச் செடிகளைத் தாக்குவது. நாம் உண்ணும் மிளகாயோடு குடலைக் கடந்து அப்படியே வெளியேறி, எந்த நகரத்துச் சாக்கடையிலும் ஏராளமாகக் கிடைக்கிறது.

வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனை மரபணுத் துண்டைத்தான் தேடுகிறது. வைரஸ் செத்த பிறகும் அந்தத் துண்டு நீரில் இருக்கும். கொரோனா வைரஸில், தொற்றும் திறன் ஓரிரு நாளில் பெரும்பாலும் அடங்கிய பிறகும், மரபணு நாட்களுக்கு, சில சூழல்களில் வாரங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. ‘கழிவுநீரில் கொரோனா’ என்ற தலைப்புச் செய்திக்குப் பொருள், அந்த நகரத்தில் நோயாளிகள் இருக்கிறார்கள் என்பது. அந்த நீரால் கொரோனா பரவும் என்பதல்ல. தொற்றும் திறனை அறிய வைரஸைச் செல்களில் வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு நாட்கள் ஆகும். சில வைரஸ்கள் வளரவே மறுக்கும். மனித நோரோ வைரஸை மனிதக் குடல் திசுவிலிருந்து உருவாக்கிய செல் வளர்ப்பில் பெருக்கிக் காட்டியதே 2016-இல்தான்.

போலியோ செல்களில் நன்றாக வளரும். சாக்கடையில் அதைத் தேடும் முயற்சி 1930-களின் இறுதியிலேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. இந்தியாவில் மும்பையில் 2001 முதல் இது முறையாக நடக்கிறது. 2022-இல் லண்டனின் பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்த கழிவுநீரில், தடுப்பு மருந்திலிருந்து தோன்றிப் பரவத் தொடங்கிய போலியோ வைரஸ் பல மாதங்கள் தொடர்ந்து கிடைத்தது. வாதம் கண்டவர் என்று ஒருவரும் அங்கே இல்லை. ஆனாலும் ஆகஸ்டில் நகரின் 1 முதல் 9 வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் கூடுதல் தடுப்பூசி போட முடிவாயிற்று. அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் பகுதியில் தடுப்பூசி போடாத இளைஞர் ஒருவருக்கு வாதம் வந்தது. அவருடைய வைரஸின் மரபணு வரிசையை ஒப்பிட்டபோது, அது லண்டன், ஜெருசலேம் நகரங்களின் கழிவுநீரில் கிடைத்த வைரஸ்களோடு உறவுடையது என்று தெரிந்தது.